துருக்கியின் எதிர்ப்புப் பாட்டைக் கேட்பது எப்படி: பாலமாக் கம்பி முதல் ராப் வரை

துருக்கியின் எதிர்ப்புப் பாட்டுக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் பாடகர் வாரியாகத்தான் போவார்கள். செல்டா பாஜான் தொகுப்பு ஒன்று, ஜெம் கராஜா தொகுப்பு ஒன்று, கடைசியில் கொஞ்சம் ராப். அப்படிக் கேட்டால் நாட்டுப்பாட்டுக்கும் ராக்குக்கும் ராப்புக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றே தோன்றும். அந்த நாட்டில் பாட்டு பிழைத்து வந்த வழி வேறு. பாடியவர் சிறைக்குப் போவார், நாடு கடப்பார், குடியுரிமை இழப்பார். வரி இன்னொருவர் வாய்க்கு மாறிவிடும். ஆகவே ஆளைப் பிடிக்காமல் வரியைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் நல்ல வழி.

முதலில் மூன்று பாட்டு

ஆரம்பத்தில் மூன்று பாட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பதிவுகளைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, 'இன்ஜெ இன்ஜெ பிர் கார் யாயார்'. மராஷ் பகுதியில் பெர்ச்செனெக் என்ற ஊரில் பிறந்த ஆஷிக் மஹ்ஸுனி ஷெரிஃப் எழுதியது. ஏழைகளின் மேல் பனி மெல்ல மெல்லப் பெய்கிறது, இல்லாதவன் பேச்சை விதி ஏன் நம்ப மறுக்கிறது என்று தொடங்கும். மஹ்ஸுனி குரலில் கேட்டால் சொல் முன்னால் நிற்கும். பாலமா என்ற நீண்ட கழுத்துக் கம்பி வாத்தியம், வரிக்கும் வரிக்கும் நடுவில் விழும் இடைவெளியை நிரப்பும். அடுத்து, செல்டா பாஜான் 1976 இசைத்தட்டில் பாடியது. எலக்ட்ரிக் கருவிகளின் முரட்டுத் தாளத்தின் மேல் அந்தக் குரல் கத்திபோல ஏறும். மூன்றாவது, அமெரிக்க ராப்பர் மோஸ் டெஃப் 2009இல் வெளியிட்ட 'சூப்பர்மேஜிக்'. செல்டாவின் பதிவைத் துண்டுதுண்டாக வெட்டிச் சுழலவிட்டிருப்பார். வறுமையைப் பற்றிய பாட்டு அங்கே பொருள் கழன்று ஓசையாக மட்டும் வந்து நிற்கிறது. அது நல்ல ராப்தான். ஆனால் அதை மட்டும் கேட்டவருக்கு மஹ்ஸுனி யாரென்றே தெரியாது. அதனால் மூன்றையும் ஒரே அமர்வில் கேளுங்கள்.

இரண்டு, 'ஆல்டிர்மா கொன்யுல்'. எழுத்தாளர் சபாஹத்தின் அலி, ஒரு கவிதைக்காகச் சிறைப்பட்டு, 1933இல் கருங்கடல் ஓரத்து சினோப் சிறையில் எழுதியது. வெளியே பித்துப்பிடித்த அலைகள் வந்து சுவரை நக்குகின்றன, மனமே நீ கவலைப்படாதே என்கிறது. சினோப் சிறை கடலை ஒட்டியே இருந்தது. ஆகவே அந்த அலையை உவமையாக எடுக்க வேண்டாம், அறைக்குள் அவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தமே அதுதான். 1948இல் அவர் கொல்லப்பட்டார். பின்னாளில் கெரெம் கியுனெய் மெட்டமைக்க, 1970களில் எடிப் அக்பய்ராம் பாடி ஊரெங்கும் பரவியது.

மூன்று, மே தின அணிவகுப்புப் பாட்டு. தொழிற்சங்கக் கூட்டத்துக்காகப் பிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1974இல் அங்காராவில் ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'தாய்' நாடகத்துக்காக சார்பெர் ஓஸ்சான் எழுதி இசையமைத்தது. 1977இல் ஜெம் கராஜா இசைத்தட்டாக்கினார். மேடையிலிருந்து தெருவுக்கு வந்த பாட்டு என்பதை மனத்தில் வைத்துக் கேட்டால், வாத்தியமே இல்லாமல் கூட்டமாகப் பாட ஏற்றபடி அதன் மெட்டு ஏன் அமைந்திருக்கிறது என்பது பிடிபடும்.

வரிகளைத் தேடி எடுப்பது

பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் தட்டினால் பாதி நேரம் கிடைக்காது. ஆங்கில 'சி' எழுத்தைத் துருக்கியர் 'ஜ' என்று சொல்வார்கள். அதன் கீழே வால் இருந்தால் 'ச்ச'. வால் வைத்த 'எஸ்' என்றால் 'ஷ'. தொப்பி வைத்த 'ஜி' பெரும்பாலும் ஒலிக்கவே ஒலிக்காது, முன்னால் உள்ள உயிரை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கராஜா, பாஜான், பாலமா எல்லாம் எழுத்தில் வேறு மாதிரி இருப்பது இதனால்தான். முதல் தேடலில் கிடைக்கும் துருக்கி எழுத்துக்கூட்டை அப்படியே நகலெடுத்து, பின்னால் 'சொஸ்லெரி' என்ற சொல்லைச் சேர்த்து மறுபடி தேடுங்கள் (எஸ், ஓ, இசட், எல், இ, ஆர், ஐ என்று அடித்தால் போதும், ஓ தலையில் இரண்டு புள்ளி இல்லாவிட்டாலும் வேலை செய்யும்). பாட்டின் வரிகள் வந்து விழும்.

இசைத்தட்டு விவரத்தில் நான்கு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'சொஸ்' என்றால் வரி எழுதியவர். 'முசிக்' என்றால் மெட்டமைத்தவர். 'கய்னாக்' என்றால் பாடிக் காட்டிய கிராமத்துக்காரர். 'டெர்லெயென்' என்றால் அதைக் கேட்டுக் குறித்துக்கொண்ட சேகரிப்பாளர். நான்கும் இல்லாமல் 'அனோனிம்', அதாவது எழுதியவர் தெரியாது, என்று மட்டும் போட்டிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். எழுதியவர் பெயர் பாட்டுக்குள்ளேயே இருக்கக்கூடும். எப்படிப் பார்ப்பது என்று கீழே வருகிறது.

மொழிபெயர்க்கும்போது ஆங்கிலத்தின் வழியே சுற்றி வராதீர்கள். துருக்கி வாக்கியமும் தமிழ் வாக்கியம்போல வினையில்தான் முடியும். வேர்ச்சொல்லின் பின்னால் விகுதிகள் வரிசையாக ஒட்டும். பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் பீர் சுல்தான் அப்தாலின் புகழ்பெற்ற வரியைப் பாருங்கள்: 'டொனென் டொன்சுன் பென் டொன்மெசெம் யோலும்டான்.' சொல்லுக்குச் சொல் அதே வரிசையில் எழுதினால்: திரும்புகிறவன் திரும்பட்டும், நான் திரும்பேன் என் வழியிலிருந்து. ஒரு சொல்லையும் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. இதே வரி ஆங்கிலத்துக்குள் போய்வந்தால் சொற்கள் இடம் மாறி, அழுத்தம் எங்கோ போய்விடும்.

'கெல்டி' என்றால் வந்தான். 'கெல்மிஷ்' என்றால் வந்தானாம். கண்ணால் பார்த்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் நாம் வைக்கும் அதே வேறுபாடு. இயந்திர மொழிபெயர்ப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒப்பாரிப் பாட்டுகளில் இது பெரிய இழப்பு. மகன் சுடப்பட்ட சேதி தாய்க்கு 'ஆம்' விகுதியோடுதான் வந்து சேர்கிறது. இன்னொரு தொல்லை பால். துருக்கியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். வரியில் வரும் 'நண்பர்' காதலியா, குருவா, கடவுளா என்று பாட்டு முழுவதையும் படித்த பிறகே முடிவு செய்யுங்கள். துருக்கியின் சிறுபான்மை இஸ்லாமியப் பிரிவான அலெவி மரபுப் பாட்டாக இருந்தால் மூன்றுமாக இருக்கவும் கூடும்; அப்போது தமிழில் 'நீ' என்று மாற்றி எழுதுவது ஒருவழியாகத் தப்பிக்க உதவும்.

அசை எண்ணிக்கையும் கடைசி நாலடியும்

இதைக் கற்றுக்கொள்ள அரைமணி நேரம் போதும், ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாட்டுப்புறக் கவிஞர்களான ஆஷிக்குகள் அசை எண்ணிப் பாடுபவர்கள். குறில் நெடில் கணக்கு வேண்டாம். ஒரு வரியில் எத்தனை உயிர் ஒலி இருக்கிறது என்று மட்டும் விரல்விட்டு எண்ணுங்கள். பதினொன்று வந்தால் பெரும்பாலும் கோஷ்மா, எட்டு வந்தால் செமாயி. மேலே சொன்ன பீர் சுல்தான் வரி பதினொன்று. அதுவும் நான்கு, நான்கு, மூன்று என்று உடையும்: டொ-னென்-டொன்-சுன், பென்-டொன்-மெ-செம், யோ-லும்-டான். இன்னொரு வகை ஆறும் ஐந்துமாக உடையும். எங்கே உடைகிறதோ அங்கேதான் பாடகர் மூச்சு எடுப்பார். எண்ணிக்கை தப்பினால், ஒன்று நீங்கள் வைத்திருக்கும் வரி பிழையானது, இல்லாவிட்டால் யாரோ ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள்.

பாட்டு நாலடி நாலடியாக நடக்கும். கடைசி நாலடியில் கவிஞர் தன் பெயரை வைப்பார். அதற்கு மஹ்லாஸ் என்று பெயர். சம்பந்தர் பதிகத்தின் திருக்கடைக்காப்பில் தன் பெயரை வைப்பாரே, அதே வேலை. அனோனிம் என்று போட்டிருந்தாலும் கடைசி நாலடியில் 'பீர் சுல்தானிம்' என்றோ 'மஹ்ஸுனி' என்றோ வந்தால் உரிமையாளர் தெரிந்துவிடும். மூன்று நிமிட இசைத்தட்டுக்காகச் சில பாடகர்கள் கடைசி நாலடியையே விட்டுவிடுவார்கள். முழு வரியைத் தேடிப் படிப்பது இதனால்தான் அவசியமாகிறது.

மஹ்லாஸையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. சிவாஸ் பகுதி பனாஸ் ஊர்க்காரரான பீர் சுல்தானை ஒட்டோமன் ஆளுநர் ஹிசிர் பாஷா தூக்கிலிட்டான் என்பது மரபு. அவருக்குப் பிறகு அதே பெயரில் வேறு கவிஞர்களும் பாடியிருக்கிறார்கள். 'தூக்கிலிட்டார்கள், ஆனாலும் நான் திரும்பவில்லை' என்ற பொருளில் ஒரு பாட்டு வந்தால் அது அவர் செத்த பிறகு பிறந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை.

தூக்குமேடைக்கு அவரை நடத்திப் போகும்போது, வழியில் நின்றவர்கள் எல்லோரும் கல்லெறிய வேண்டும் என்று பாஷா ஆணையிட்டானாம். நெருங்கிய நண்பன் ஒருவன் எறிய மனமில்லாமல், ஆணையை மீறவும் துணிவில்லாமல் ஒரு பூவை எறிந்தானாம். பாட்டில் இது இப்படி வருகிறது: அந்நியர் எறிந்த கல் என்மேல் படவே இல்லை, நண்பன் எறிந்த பூதான் புண்ணாக்குகிறது. 1980இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, நேற்றுவரை கூட இருந்தவர்கள் மெளனமானபோது இந்த வரியை ஏன் மறுபடி மறுபடி பாடினார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 'ஷா' நல்ல உதாரணம். அலெவி பாட்டுகளில் ஷா என்பது நபிகளின் மருமகனான அலியைக் குறிக்கும். பதினாறாம் நூற்றாண்டில் அது ஒட்டோமன் சுல்தானின் எதிரியான ஈரானிய சஃபாவி ஷாவையும் குறித்தது. பின்னாளில் அரசு வானொலிக்கு ஏற்றபடி பல பாட்டுகளில் அந்த இடத்தில் 'டோஸ்ட்', அதாவது நண்பர், என்று போட்டுப் பாடினார்கள். இரண்டும் ஓரசைச் சொல், கணக்கு இடிக்காது. அதனால் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் தெரியும்.

காதைப் பழக்குவது

பாலமாவில் பொதுவாக ஏழு கம்பி, மூன்று கட்டாக இருக்கும். இரண்டு சுதிமுறைகளைத் தெரிந்துகொண்டால் போதும். கீழிருந்து லா, ரே, சோல் என்றால் கரா டுசென். லா, ரே, மி என்றால் பாலமா டுசெனி. அலெவி பாட்டுகளான தெயிஷ்களில் பெரும்பாலும் கேட்பது இரண்டாவது. மீட்டும் தகட்டால் மீட்டாமல் வெறும் விரலால் தட்டியும் சுண்டியும் வாசிப்பது ஷெல்பெ.

கீபோர்டிலோ கிடாரிலோ கூடவே வாசித்துப் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். ஹுசெய்னி வகைப் பாட்டுகளில் 'சி' சுரம் (சரிகமவில் நி போன்றது, ஆங்கில எழுத்தில் பி), சி-க்கும் சி ஃபிளாட்டுக்கும் இடையில் நிற்கும். கழுத்தில் விரல் வைக்கும் மெட்டுகள் (ஃபிரெட்) நைலான் கயிற்றால் கட்டப்பட்டவை என்பதால் பாலமாவில் அந்த இடத்தில் ஒரு மெட்டு இருக்கும். கீபோர்டில் கட்டை கிடையாது. ஸ்கேல் ட்யூனிங் வசதியுள்ள கீபோர்டாக இருந்தால் சி-யைச் சுமார் 45 சென்ட் (அரைச் சுரத்தில் நூறு சென்ட்) இறக்குங்கள். ஃபா ஷார்ப்பை 30 சென்ட் இறக்கினால் இன்னும் நெருங்கிவரும். இறக்காமல் வாசித்தால் பாட்டு மேற்கத்திய மைனர் போலச் சோகமாகிவிடும். அந்தச் சோகம் மூலத்தில் கிடையாது.

தாளத்துக்கு நம் சொற்கட்டே போதும். ஒன்பதுக்கு தக தக தக தகிட. ஐந்துக்கு தக தகிட. மூன்றாக விழும் அந்தக் கடைசித் துண்டில்தான் உடம்பு சாயும். தாளமே இல்லாமல் நீட்டிப் பாடினால் அது உசுன் ஹவா. அங்கே எண்ண முயல வேண்டாம்.

தேதியைப் பொருத்துவது

பாட்டு எழுதிய ஆண்டைவிடப் பதிவான ஆண்டை முதலில் பாருங்கள். ராணுவம் ஆட்சியில் தலையிட்ட மூன்று தேதிகள் உண்டு: 1960 மே 27, 1971 மார்ச் 12, 1980 செப்டம்பர் 12. மூன்றாவதுக்கு முன்னும் பின்னும் ஓசையே வேறு. முன்னால் எல்லாம் நேரடிப் பேச்சு. ஜெம் கராஜாவின் 1975 'தாமிர்ஜி சிராயி' ஒரு மெக்கானிக் பையனைப் பற்றியது. கார் பழுது பார்க்க வந்த பணக்காரப் பெண்மேல் ஆசை வைக்கிறான், முதலாளி கடைசியில், நீ தொழிலாளி, தொழிலாளியாகவே இரு, வேலைச் சட்டையை மாட்டு என்கிறார். பின்னால் வந்தவை பெரும்பாலும் ஒதுங்கிப் பேசும், கவிதையை முன்னால் நிறுத்தும். அஹ்மத் காயாவின் 1980களின் ஒலிநாடாக்கள் அப்படி.

ஆட்களுக்கு என்ன ஆனது என்பதும் பதிவைப் புரிந்துகொள்ள உதவும். ஆபராவில் பாடிய ருஹி சு 1952இல் கைதாகி ஐந்தாண்டு சிறையிருந்தார், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வெளிநாடு போகப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது, 1985இல் இறந்தார். அவர் உச்சரிப்பு அவ்வளவு தெளிவு என்பதால் புதிதாகக் கேட்பவர்கள் வரிகளை அவர் குரலில் பழகலாம். செல்டா 1981க்கும் 1984க்கும் இடையில் மூன்று முறை சிறை சென்றார். ஜெர்மனியில் இருந்த ஜெம் கராஜாவின் குடியுரிமை 1983இல் பறிக்கப்பட்டது; 1987இல்தான் திரும்பினார். அஹ்மத் காயா 1999 பிப்ரவரியில் ஒரு விருது விழாவில் குர்து மொழியில் பாடப்போகிறேன் என்று சொன்னதும் மேசையிலிருந்த முள்கரண்டிகள் அவர்மேல் பறந்தன. அடுத்த ஆண்டு பாரிஸில் இறந்தார். 1993 ஜூலை 2 அன்று சிவாஸில், பீர் சுல்தான் விழாவுக்கு வந்தவர்கள் தங்கியிருந்த மாடிமாக் ஓட்டலுக்கு ஒரு கும்பல் தீ வைத்தது. இறந்தவர்களில் முஹ்லிஸ் அகார்சு, நெசிமி சிமென், 22 வயது ஹஸ்ரெத் கியுல்டெகின் எனப் பாலமாக்காரர்களும் இருந்தார்கள். க்ரூப் யோரும் இசைக்குழுவை ஆயுதக் குழுவோடு தொடர்புடையது என்று அரசு சொல்ல, குழு அதை மறுத்துவந்தது. கச்சேரித் தடையை நீக்கக் கேட்டு உண்ணாநோன்பு இருந்த ஹெலின் பொலெக்கும் இப்ராஹிம் கொக்செக்கும் 2020இல் இறந்தார்கள்.

ராப்பை எங்கே தொடங்குவது

இஸ்தான்புல்லில் தொடங்க வேண்டாம், ஜெர்மனியில் தொடங்குங்கள். துருக்கி மொழி ராப் அங்கே குடியேறிய தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் பிறந்தது. நியூரம்பெர்கின் கிங் சைஸ் டெரர் குழு 1991இல் ஓர் அந்நியனின் வாழ்க்கை என்ற பொருளில் பாடியதுதான் தொடக்கம். அடுத்தடுத்து 1992இல் மொல்ன், 1993இல் சோலிங்கன் என இரண்டு ஊர்களில் துருக்கியர் வீடுகளுக்கு நவநாஜிகள் தீ வைத்தார்கள். அந்தச் சூட்டில் வந்தது கார்ட்டெல் என்ற ராப் குழுவின் 1995 இசைத்தட்டு. ஜெர்மனியில் இனவெறிக்கு எதிராக எழுந்த அதே பாட்டை, துருக்கியில் தேசியவாத இளைஞர்கள் தங்கள் கொடியாகப் பிடித்துக்கொண்டார்கள். ராப் கேட்கும்போது எந்த ஊரில் நின்று யாரிடம் பேசுகிறார் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஆஷிக்குகளின் பழக்கம் ராப்பில் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். வரிக்குள் தன் பெயரைச் சொல்வது, ஒருவரைப் பெயர் சொல்லித் திட்டும் தாஷ்லாமா, இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே எதுகையில் மோதும் அதிஷ்மா. அதிஷ்மாவில் உதடுகளுக்கு நடுவே ஊசியை நிறுத்திக்கொண்டு, உதடு ஒட்டும் எழுத்தே வராமல் பாடுவதும் உண்டு; தமிழின் நிரோட்டகத்தை மேடையில், அந்தக் கணமே கட்டிப் பாடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராப்பர் ஜெசாவின் வேகத்தை இதைப் பார்த்த பிறகு கேட்டால் திகைப்பு குறையும், மரியாதை கூடும்.

2019 செப்டம்பரில் ராப்பர் ஷானிஷெர் முன்னின்று வெளியிட்ட 'சுசாமாம்' ஏறக்குறைய 15 நிமிடம். வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது என்பது தலைப்பு. முதல்முறை ஒரே மூச்சில் கேட்டால் களைத்துவிடும். இயற்கை, சட்டம், கல்வி, பெண்களுக்கு எதிரான வன்முறை, விலங்குகள், சாலை விபத்து என்று ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு பாடுகிறார்கள். குரல் மாறும் இடங்களில் நிறுத்தி, வரியைப் படித்து, பிறகு மேலே போங்கள். ஷானிஷெரின் பகுதியில் நீதி செத்தது, அதன் நுனி என்னைத் தொடும்வரை நானும் சும்மா இருந்து உடந்தையானேன், இப்போது ஒரு ட்வீட் போடவும் பயமாயிருக்கிறது என்ற பொருளில் ஓரிடம் வரும். அங்கே குற்றம் சாட்டும் விரல் முதலில் தன் பக்கமே திரும்புகிறது, பழைய தாஷ்லாமாவில் இது அபூர்வம். ராப்பர் எஸ்ஹெலின் 'ஒலாய்' அதே நாட்களில் வந்தது. அதை வீடியோவோடு பாருங்கள். இடித்துத் தள்ளப்பட்ட சுலுகுலே பேட்டையிலிருந்து வந்த தஹ்ரிபாத்-இ இஸ்யான் குழுவை 'சுசாமாம்' பிடித்திருந்தால் அடுத்ததாக எடுக்கலாம்.

கால் இடறும் இடங்கள்

சாஸ் (பாலமாவின் இன்னொரு பெயர்) பிடித்துப் பாடியவர்கள் எல்லோரும் இடதுசாரிகள் அல்ல. ஓசான் ஆரிஃப் தீவிர தேசியவாதி; அவரும் 1980 ராணுவ ஆட்சியை எதிர்த்தவர், அவரும் நாட்டைவிட்டு வெளியே இருந்தவர். வாத்தியத்தை வைத்துக் கட்சியை ஊகிக்காதீர்கள்.

பழைய பாடகர்கள் தங்கள் பாட்டுகளைப் பிற்காலத்தில் மறுபடி பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங் தளங்களில் இரண்டும் கலந்தே கிடக்கும். இசைத்தட்டின் ஆண்டு என்று அங்கே போட்டிருப்பது சில நேரம் மறுவெளியீட்டு ஆண்டாக இருக்கும்; 1970களின் பாட்டுக்கு 2000களின் ஆண்டு இருந்தால் குரலின் வயதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வரியை மொழிபெயர்ப்பியில் போட்டு ஒன்றுமே புரியாத குப்பை வந்தால் மொழியையே சந்தேகியுங்கள். துருக்கி அகரவரிசையில் ஆங்கிலத்தின் கியூ, டபிள்யூ, எக்ஸ் மூன்றும் இல்லை. அவை தென்பட்டால் அநேகமாக அது குர்து மொழி. 1983இல் வந்த ஒரு சட்டம் குர்து மொழியில் வெளியிடுவதையே தடுத்தது, 1991இல்தான் நீக்கப்பட்டது. குர்துப் பாடகர் ஷிவான் பெர்வெரின் ஒலிநாடாக்கள் அந்த ஆண்டுகளில் கள்ளத்தனமாகக் கைமாறின. மொழிபெயர்ப்பியில் துருக்கியை மாற்றி, குர்து மொழியின் ஒரு வகையான குர்மாஞ்சி என்று வைத்து மறுபடி போட்டுப் பாருங்கள்.